கடல் கடந்த கோதா

ஒரு சமூகம் கடல் கடந்து குடியேறுங்கால், தன் மொழியையும் வழிபாட்டையும் உடன்கொண்டு செல்லுதல் யாவரும் அறிந்ததே. சீக்கியரோ இவற்றோடு தம் மற்கலையையும் கொண்டு சென்றனர். 'குஷ்தி' என வழங்கும் அக்கலை கனடாவின் மேற்குக் கரையில் வேரூன்றிய வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

சீக்கியரிடையே மல்யுத்தத்துக்குச் சமயத் தொடர்பும் உண்டு. இரண்டாம் குருவாகிய அங்கதர் (1504-1552) கதூர் சாகிப் என்னும் ஊரிலே மற்களம் அமைத்து, இளைஞரைப் பயிலச் செய்தார் என்பது அவர்தம் மரபு. அவ்விடத்தை நினைவூட்டும் குருத்துவாரம் இன்றும் உளது.

பஞ்சாபிலே கோதா என்பது பண்படுத்திய மண். அதனைக் கொத்திக் கல் நீக்கி, எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன கலந்து பதப்படுத்துவர். தண்டாலும் பஸ்கியும் நூற்றுக்கணக்கில் எடுத்தல், கர்லாக்கட்டை சுழற்றல் என்பன நாளாந்தப் பயிற்சிகள். கச்சையொன்றே உடை. எதிரியின் இரு தோள்களும் நிலத்திற் படும்படி வீழ்த்துவதே வெற்றி. பழைய பந்தயங்கள் பலவற்றிற்குக் கால எல்லையே இருந்ததில்லை. மண்ணைக் கொத்துவோரும் மாணாக்கரே. ஆதலின் களத்தைப் பேணுதலும் பயிற்சியின் ஒரு கூறாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானிய கொலம்பியாவுக்குச் சென்ற பஞ்சாபியர், மரம் அரியும் ஆலைகளில் உழைத்தனர். 1907 முதல் 1947 வரை அம்மாகாணத்தில் அவர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1967இல் கனடாவின் குடிவரவு விதிகள் மாறியபின் பஞ்சாபியர் பெருந்தொகையினராய் வரலாயினர். அவருள் மல்லரும் இருந்தனர். சர்ரே நகரத்துக் கால்சா மல்யுத்தக் கழகம் அத்தகையோர் முயற்சியால் எழுந்ததே.

ஆங்கே மண்ணின் இடத்தை மெத்தை விரிப்புப் பெற்றது. மும்மூன்று நிமிடங்கொண்ட இரு சுற்றுக்களும், புள்ளிக் கணக்கும் வந்தன. எனினும் காலைப் பற்றி வீழ்த்தல் முதலிய பிடிகள் இரு முறைக்கும் பொதுவாதலின், குஷ்தி மல்லரின் மைந்தர் புதுமுறையிலும் எளிதில் தேர்ந்தனர். அர்ஜன் புல்லர் 2010இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டில் தங்கப் பதக்கம் வென்று, 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கிலும் பொருதார். அமர் தேசி 2022இல் பர்மிங்காமிலே பொதுநலவாயத் தங்கம் வென்றார். இருவர்தம் தந்தையரும் மல்லரே.

மண்ணை இழந்த கலை அதே கலைதானா என வினவுவார் உளர். விரிப்பைக் கொத்தவும் பதப்படுத்தவும் வேண்டுவதில்லை. அதனாற் பெறும் பணிவு ஒன்று குறைந்ததென்பது உண்மையே. ஆயினும் தந்தை கற்றதை மைந்தன் கற்கின்றான். முதியோர் இளையோர்க்காக மாலைப் பொழுதை ஈகின்றனர். கழகங்களை நிலைநிறுத்துவது இவ்வீகையே என்பது எம் துணிபு. பழைய மாணவராகிய நாமும் இதனைச் சிந்தித்தல் தகும்.