கொத்தடிமைக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை: சிறு நிறுவனங்கள் அறிய வேண்டியவை

நஞ்சன்கூடு: கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டத்தில் கபினி ஆற்றங்கரையில் உள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலாலும் ரசபாளே வாழையாலும் பெயர் பெற்றது. இன்று காபி, மருந்து, வண்ணப்பூச்சு ஆலைகள் அமைந்த தொழில் நகரமாகவும் அது விளங்குகிறது. இத்தகைய தொழிற்பேட்டைகளில் பெரிய ஆலைகளுக்கு ஏற்றி இறக்குதல், பொட்டலமிடுதல், துப்புரவு போன்ற பணிகளைச் சிறு நிறுவனங்களே பெரும்பாலும் செய்து தருகின்றன. அவற்றுக்கு வேலையாட்களை அழைத்து வருபவர் ஒப்பந்ததாரர். அவர் அந்த ஆட்களுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார், அதை எப்படிக் கழிக்கிறார் என்பதை நிறுவன உரிமையாளர்கள் கேட்பது அரிது. நவீன அடிமைத்தனம் நுழைவது பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்வியின் வழியாகத்தான்.

உலகில் 2.76 கோடி பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் தெரிவித்துள்ளது. கர்நாடகத்துக்கு இது புதிதல்ல. கடனுக்காக உழைப்பை அடகு வைக்கும் முறை கன்னடத்தில் 'ஜீத' எனப்படுகிறது. நாடு முழுவதும் இம்முறை 1975 அக்டோபர் 25-இல் அவசரச் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டு, 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்றதற்காக ஒருவர் வேலையை விட்டுச் செல்லவோ வேறிடத்தில் வேலை தேடவோ இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டால் அது கொத்தடிமை. சங்கிலியோ பூட்டிய கதவோ இருக்க வேண்டியதில்லை. அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் சட்டப்படி அற்றுப்போகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. இவ்வளவு கடுமையான சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 2,000 ரூபாய்தான் என்பது வியப்புக்குரியது. சிறைத் தண்டனை மூன்று ஆண்டுகள் வரை.

ஒப்பந்ததாரரின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டுமா என்ற வினாவுக்கு உச்ச நீதிமன்றம் 1982-லேயே விடையளித்துள்ளது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் குறைந்தபட்ச ஊதியம் நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் கொண்டுவந்த இடைத்தரகர்கள் அதில் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டனர். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டதாகக் கூறி முதன்மை வேலையளிப்பவர் தப்ப முடியாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

சிறு நிறுவனங்கள் தடுமாறும் இடம் வேறொன்று. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 20 பேர் இருந்தால் பொருந்தியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்த வரம்பு 50 ஆக உயர்ந்துள்ளது. 15 பேரை மட்டும் ஒப்பந்தத்தில் வைத்திருப்பவர், தம்மை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது என்று எண்ணிவிடக்கூடும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 23-ஆவது பிரிவுக்கும் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அவை பொருந்தும்.

வெளிநாட்டுச் சந்தையும் இதைக் கவனிக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல் ஆலையின் ஆடைகளுக்கு அமெரிக்க சுங்கத் துறை 2022 ஜூலையில் தடை விதித்து, சீர்திருத்தங்களுக்குப் பின் செப்டம்பரில் அதை விலக்கியது. கட்டாய உழைப்பில் உருவான பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள தடை 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. நிறுவனத்தின் அளவை வைத்து அதில் விலக்கு இல்லை.

ஆகவே, ஒப்பந்ததாரரிடம் உறுதிமொழிக் கடிதம் வாங்கி கோப்பில் வைப்பது போதாது. ஊதியம் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்கிறதா, ஆதார் அட்டையும் ஏடிஎம் அட்டையும் யார் கையில் உள்ளன, முன்பணம் எவ்வளவு என்பவற்றை ஒப்பந்ததாரர் உடனில்லாதபோது, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் கேட்டறிய வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரிடம் கன்னடத்தில் கேட்டுப் பயனில்லை.

கொத்தடிமை இருப்பது தெரியவந்தால், பலரும் முதலில் செய்வது ஒப்பந்ததாரரை நீக்கி, ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவது. தொழிலாளிக்கு இழப்பை உண்டாக்குவது இதுதான். மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் அளித்து, விசாரணைக்குப் பின் விடுதலைச் சான்றிதழ் வழங்கப்பட்டால்தான் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின் பலன் முழுமையாகக் கிடைக்கும். வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானோருக்கு 3 லட்சம் என அத்திட்டம் வகுத்துள்ளது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்கவும் அதில் இடமுண்டு.