வெப்பத்திற்குக் கவசம்

கொச்சிக் கோட்டைப் பகுதியில், மட்டாஞ்சேரிக்கு அருகில், வெளி என்னும் இடத்தில் பழமையான சலவைக்கூடம் ஒன்று உள்ளது. அதனைத் ‘தோபி கானா’ என்பர். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் வழிவழியாக அங்குத் தொழில் செய்து வருகின்றன. சிரட்டைக் கனல் நிரப்பிய கனத்த தேய்ப்புப் பெட்டிகளை அங்குக் காணலாம். பெட்டியின் உள்ளே நெருப்பு. ஒரு சாண் தொலைவிலே மனிதரின் கை. ஆயினும் கை வெந்துபோவதில்லை. பெட்டியின் பிடி மரத்தால் ஆனது. மரம் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை.

நெருப்பை அருகில் வைத்துக்கொண்டே, அதன் வெப்பம் செல்லத் தகாத இடத்திற்குச் செல்லாமல் காப்பது தேர்ந்த தொழில்நுட்பமாகும். ‘ஸ்போர்ட்ஸ் கார்’ எனப்படும் விரைவு மகிழுந்துகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் இதுவே பெரும்பணி.

வெப்பம் பரவும் வழிகள்

வெப்பம் மூன்று வழிகளில் பரவுகிறது. தேய்ப்புப் பெட்டியிலேயே மூன்றையும் காணலாம். பெட்டியின் அடித்தகட்டைத் தொடும் துணி சூடாகிறது. இது வெப்பக் கடத்தல். பெட்டியின் துளைகள் வழியே சூடான காற்று மேலெழுகிறது. இது வெப்பச் சலனம். பெட்டியைத் தொடாமல் அருகில் நின்றாலும் அதன் சூட்டை முகம் உணர்கிறது. இது வெப்பக் கதிர்வீச்சு. இந்த மூன்றாவது வழிக்குக் காற்றும் தேவையில்லை. வெற்றிடத்தைக் கடந்து கதிரவனின் வெப்பம் நம்மை வந்தடைவதும் இவ்வழியில்தான்.

எஞ்சின் என்னும் உலை

பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. பொதுவாக அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே இயக்கமாக மாறுகிறது. எஞ்சிய பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கை ரேடியேட்டர் வெளியேற்றுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே செல்கிறது. எஞ்சினை ஒட்டியுள்ள புகைக்குழாய் பல நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். பந்தய வண்டிகளில் அக்குழாய் செந்நிறமாகக் கனன்று ஒளிர்வதும் உண்டு.

சாதாரண மகிழுந்தில் எஞ்சினைச் சுற்றி ஓரளவு இடமிருக்கும். விரைவு மகிழுந்திலோ எஞ்சின் பெரிது. அதனை வைக்கும் அறை சிறிது. மேலும், பல விரைவு மகிழுந்துகளில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே அமைந்திருக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். அவர் ஓட்டிய பந்தய வண்டியிலும் எஞ்சின் அவருக்குப் பின்னேதான் இருந்தது.

வெப்பம் சிறைப்பட்டால் தீங்குகள் பல நேரும். மின்கம்பிகளின் உறை உருகும். ரப்பர்க் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். வெடித்த குழாயிலிருந்து எண்ணெயோ பெட்ரோலோ சூடான புகைக்குழாயின் மீது சொட்டினால் தீப்பற்றும். எஞ்சினின் வலிமையும் குறையும். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் ஆக்சிஜனும் குறைவு. ஆகவே எரிபொருள் எரிந்து தரும் ஆற்றலும் குறைவு.

இரண்டு பவுன் பொன்

இங்கிலாந்தின் மெக்லாரன் நிறுவனம் 1992ஆம் ஆண்டில் ‘மெக்லாரன் எஃப்1’ என்னும் மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. அதனை வடிவமைத்தவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த கோர்டன் முர்ரே. 1998ஆம் ஆண்டில் அது மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

அதன் உடல் கரியிழைக் கலப்புப் பொருளால் ஆனது. அப்பொருள் எடை குறைந்தது, உறுதி மிக்கது. ஆனால் இழைகளைப் பிணைக்கும் பிசின் மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. அதன் அருகிலேயே பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினைப் பொருத்த வேண்டியிருந்தது. எனவே எஞ்சின் அறையின் உட்புறத்தில் மெல்லிய பொற்தகட்டை ஒட்டினர். வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புவதில் பொன் சிறந்தது. வெள்ளியைப்போல் அது கறுத்துப்போவதுமில்லை. ஒரு வண்டிக்குத் தேவைப்பட்ட பொன் ஏறத்தாழ 16 கிராம். அதாவது இரண்டு பவுன்.

எல்லா வண்டிக்கும் பொன் தேவையில்லை. பளபளப்பான அலுமினியத் தகடே பெரும்பாலும் போதுமானது. செயற்கைக்கோள்களைப் போர்த்தியுள்ள பொன்னிறத் தாள்களும் பொதுவாகப் பொன் அல்ல. அலுமினியம் பூசிய மஞ்சள் நிற நெகிழிப் படலங்களே.

கவசத்தின் வகைகள்

புகைக்குழாய்க்கும் பிற பாகங்களுக்கும் இடையே தகட்டை நிறுத்துவது முதல் முறை. அத்தகடு குழாயை முழுவதும் ஒட்டியிருத்தல் கூடாது. ஒட்டினால் வெப்பம் கடத்தல் வழியே தகட்டிற்குள் புகுந்துவிடும். இரண்டிற்கும் நடுவே காற்றிடைவெளி வேண்டும்.

கண்ணாடி இழையால் நெய்த நாடாவைக் குழாயின்மேல் சுற்றுவது இரண்டாம் முறை. இதனால் வெப்பம் குழாய்க்குள்ளேயே தங்கிப் புகையோடு வெளியேறும். ஆயினும் நாடா ஈரத்தை உறிஞ்சி வைத்தால் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். குழாயின்மேல் பீங்கான் போன்ற பூச்சைப் பூசுவது மூன்றாம் முறை.

இவை எவையும் வெப்பத்தை அழிப்பதில்லை. அது செல்லும் திசையை மாற்றுகின்றன. ஏரிக்குக் கரை கட்டுவோர் மதகும் அமைப்பர். மதகில்லாத ஏரியில் நீர் பெருகினால் கரை உடையும். அதுபோல, கவசத்தோடு காற்று வந்து செல்லும் வழியும் வேண்டும். வண்டி ஓடும்போது குளிர்ந்த காற்று முன்புறத் திறப்புகளில் நுழைந்து, சூடேறிப் பின்புறத் திறப்புகளில் வெளியேறுகிறது. வண்டி நின்றவுடன் அக்காற்றோட்டமும் நிற்கிறது. அதனால் எஞ்சினை நிறுத்திய பின்னரே எஞ்சின் அறையின் வெப்பநிலை சிறிது நேரம் உயர்கிறது. பல வண்டிகளில் எஞ்சின் நின்ற பின்னும் விசிறி சுழல்வது இதற்காகவே.

நம் தெருவில் வெப்பக் கவசம்

வெப்பக் கவசம் விலையுயர்ந்த வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் சைக்கிளின் சைலன்சர்மேல் உள்ள தகடு காலைச் சுடாமல் காக்கிறது. எஞ்சின் முன்புறம் அமைந்த பேருந்துகளில் ஓட்டுநரின் அருகே உள்ள தடித்த மூடி அவரைக் காக்கிறது. மகிழுந்தின் அடிப்பகுதியிலும் புகைக்குழாயை ஒட்டி மெல்லிய தகடுகள் உண்டு.

கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் அத்தகடுகளின் திருகாணிகள் துருப்பிடித்துத் தளர்வது வழக்கம். தளர்ந்த தகடு கடகடவென ஒலிக்கும். ஒலியைப் பொறுக்காத சிலர் அதனைக் கழற்றி எறிந்துவிடுவர். ஓசை நின்றுவிடும், காவலும் நீங்கிவிடும். அத்தகைய வண்டியை உலர்ந்த புல்லின்மேலோ தென்னஞ்சருகின்மேலோ நிறுத்தினால் தீப்பற்றும் வாய்ப்பு மிகுதி. புதிய திருகாணியின் விலை மிகச் சிறிது. தகட்டைக் கழற்றாமல், திருகாணியை மாற்றி இறுகப் பூட்டுபவரே தொழில் அறிந்தவர்.

சொற்பொருள்

சிரட்டை – கொட்டாங்கச்சி
கனல் – தணல்
மதகு – ஏரிநீர் வெளியேறும் வாயில்
திருகாணி – திருகிப் பூட்டும் ஆணி

சிந்தித்து எழுதுக

1. வெப்பக் கவசத்திற்கும் குழாய்க்கும் இடையே காற்றிடைவெளி ஏன் வேண்டும்?
2. ஏரியின் மதகு எதற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது?
3. உங்கள் வீட்டுச் சமையலறையில் வெப்பத்தைத் தடுக்கும் மூன்று பொருள்களைக் கண்டு, அவை எவ்வாறு பயன்படுகின்றன என எழுதுக.