படகில் ஒரு கருவி, ஜெனீவாவில் ஒரு வாக்கு

சாய்ந்தமருதோ கல்முனையோ, சர்வதேசக் கடலுக்குப் போகும் பலநாள் படகில் ஒரு கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும். படகு நிற்குமிடத்தைச் செய்மதி வழியாக அது கொழும்புக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கும். கூடவே, பிடித்த சூரையை எழுதிவைக்க ஒரு பதிவேடு.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் பிரஸல்ஸ் இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று, 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குக் கதவை மூடியது. அபராதம் ஏறியது, கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 ஜூனில் தடை நீங்கியது.

மனித உரிமை விடயத்தில் அதே ஒன்றியத்தின் கை அவ்வளவு இறுகவில்லை. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை. 2010 ஓகஸ்டில் பறிபோய், 2017 மேயில் திரும்பி வந்தது. 2021 ஜூன் 10இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குமாறு கேட்டது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ், கவிஞர் அஹ்னாப் ஜெஸீம் ஆகியோரின் தடுத்துவைப்பையும் அது எடுத்துப் பேசியது. மறுவருடம் சட்டம் திருத்தப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை, சலுகையும் போகவில்லை. போனால் முதலில் அடிபடுவது ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் முன்னால் இருக்கும் பெண்பிள்ளைகள். அது பிரஸல்ஸுக்கும் தெரியும், கொழும்புக்கும் தெரியும்.

இன்னொரு கூட்டணியான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு, முஸ்லிம்களான நமக்கு நெருக்கமானது. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், கொவிட்டில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் 2020இல் எரிக்கப்பட்டன. 57 நாடுகளின் அந்த அமைப்பு கவலை தெரிவித்தது, எரிப்பு நிற்கவில்லை. 2021 பெப்ரவரி 22இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. இலங்கை மீதான பிரேரணையைத் தோற்கடிக்க முஸ்லிம் நாடுகளின் வாக்கு அரசுக்குத் தேவைப்பட்டது. மறுநாள் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். 25ஆம் திகதிய வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதி தந்தது. அரசு குறித்த இடத்தில்தான் அடக்கலாம் என்பதால், கல்முனை ஜனாஸாவும் மட்டக்களப்பைத் தாண்டி ஓட்டமாவடிக்குத்தான் போகவேண்டியிருந்தது. ஆனாலும் மண் கிடைத்தது.

மார்ச் 23இல் பிரேரணை 22க்கு 11 என நிறைவேறியது. எதிர்த்த நாடுகளில் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருந்தன. போரில் மாண்டவர்களுக்கு நீதி கேட்ட தமிழருக்கு அந்த வாக்கு எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

விழுமியம் பேசும் கூட்டணிகளை நம்பாதே என்று இதற்கு அர்த்தமில்லை. சந்தையோ வாக்கோ, கொழும்புக்கு அவர்களிடம் ஏதாவது தேவைப்படும் வேளையில்தான் அவர்கள் சொல்லுக்குப் பலம். வரிச்சலுகை மீளாய்வுக்கும் ஜெனீவா கூட்டத்தொடருக்கும் முன்னரே நம் முறைப்பாடுகள் பெயர், திகதி, வழக்கு இலக்கத்தோடு அவர்களின் மேசைக்குப் போய்விட வேண்டும். பள்ளிவாசல் சம்மேளனங்களும் சட்டத்தரணிகளும் செய்யக்கூடிய வேலை இது.