சிப்பியும் வெள்ளியும்

மாலை வெயிலில் கடற்கரை மணலிற் பளபளவென ஒளிரும் பொருளொன்றை வெள்ளியென்று கருதி ஒருவன் விரைந்தோடுகிறான். கையில் எடுத்தபின் அது சிப்பியெனக் காண்கிறான். கண் கண்டதே பொய்யாயிற்று எனின், வேறு எதனை நம்புவது? இச்சிறு நிகழ்ச்சியைப்பற்றி நம் நாட்டுத் தத்துவ நூலார் பல நூற்றாண்டுகள் வழக்காடினர்.

அவருள் ஒருவர் இராமாநுசர். இவர் 1017 ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றினார் என்பது மரபு. இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டபொழுது, ஆசிரியர் உரைத்த பொருளேயாயினும் ஒவ்வாதவிடத்து மறுத்துரைத்தார் என்பர். எனினும், அனைத்தையும் ஐயுறுவாரோடு அவர் சேர்ந்தாரல்லர். உலகப் பொருள்கள் யாவும் ஐம்பூதக் கலப்பு. ஆகவே சிப்பியிலும் வெள்ளிக்குரிய கூறு சிறிதுண்டு. கண் கண்டது அதனையே. மிகுதியான சிப்பிக்கூறு கண்ணின் குறையாற் புலப்படவில்லை என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் விளக்கினார். அங்ஙனமாயின் அதனை மயக்கம் என்பது ஏன்? அச்சிறு கூற்றைக்கொண்டு வளையல் செய்ய இயலுமோ? பொருளின் நிலைக்கேற்ப வழக்கிற்குப் பயன்படும் அறிவே மெய்யறிவு என்று அவர் வழிவந்தோர் இலக்கணம் வகுத்தனர்.

சிப்பி சுண்ணப் பொருளால் ஆயது, அதில் வெள்ளியில்லை என்பது இன்றைய வேதியியல். இராமாநுசர் கூறிய காரணம் நில்லாது. அவர் காட்டிய சோதனை நிற்கும்.

இதனையும் விடாது வினவியவர் நாகார்ச்சுனர். பொருள்களை அளவைகள் உறுதிசெய்யுமெனின், அளவைகளை உறுதிசெய்வது யாது என்றார். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது. நியாய நூலார் துலாக்கோலைச் சுட்டினர். பொன்னை நிறுக்கும் கோல், ஐயம் நேர்ந்தவழித் தானும் சோதிக்கப்படும் அன்றோ? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் மோட்டார் வண்டி செய்யும் தொழிற்சாலைகளிலும் இதுவே முறை. உறுப்புகளை அளக்கும் கருவி, குறித்த காலந்தோறும் தானும் ஒரு நிலையான அளவோடு ஒப்பிடப்பெறும்.

ஆயின், பயன்பட்டதெல்லாம் மெய்யாகிவிடுமோ? புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்க் கணியர் ஒருவர், நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டு 1825 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்தார். ஜான் வாரன் என்பார் அதனைக் ‘காலசங்கலித’ என்னும் தம் நூலிற் பதிந்தார். ஞாயிறு நிலவுலகைச் சுற்றுகிறது என்ற கொள்கையின்மேல் எழுந்த கணக்கு அது. கொள்கை பொய்யாயினும், கிரகணத்தின் தொடக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமே பிழைத்தது. முடிவோ ஏறத்தாழ ஐம்பத்திரண்டு நிமிடம் பிழைத்தது. தொடக்கத்தை மட்டும் நோக்கியவர் அக்கணக்கைக் குறையற்றதென்றே கொண்டிருப்பர்; முடிவுவரை வானத்தை நோக்கி விழித்திருந்தவரே பிழையைக் கண்டிருப்பர்.