ஒரே இயந்திரம், இரண்டு இருக்கை: சூப்பர் மீட்டியோரா, ஷாட்கன்னா?

பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்தவருக்குக் கடைக்குள் நுழைந்ததும் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஒரு பக்கம் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650. அதன் பக்கத்திலேயே அதே நிறுவனத்தின் ஷாட்கன் 650. எதை எடுப்பது? விற்பனையாளரைக் கேட்டால், "ரெண்டும் ஒன்னுதான் அண்ணே, பாக்க எது புடிக்குதோ அத எடுங்க" என்பார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் கடைசியில் முதுகெலும்பில் போய் முடிகிறது.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். இரண்டிலும் இருப்பது 648 சிசி கொள்ளளவுள்ள ஒரே இரட்டை சிலிண்டர் இயந்திரம். 2018-ஆம் ஆண்டு இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய வண்டிகளில் விற்பனைக்கு வந்த அதே இயந்திரம்தான். காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்படுவது. ஏறத்தாழ 47 குதிரைத்திறன், 52.3 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஆறு கியர். எடையும் அப்படித்தான்: ஒன்று 241 கிலோ, மற்றது 240 கிலோ. ஆக, விளம்பரத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முயன்றால் விடிய விடிய உட்கார்ந்தாலும் விடை கிடைக்காது.

(இடையில் ஒரு செய்தி. சூப்பர் மீட்டியோர் என்ற பெயர் 1950-களில் இங்கிலாந்தின் ரெடிச் ஆலையில் செய்யப்பட்ட வண்டியின் பெயர். அந்த ஆலை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இன்றைய வண்டிகள் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாகின்றன. நம்மவர்கள் சிலருக்கு இந்த வண்டிகள் மீது தனிப் பாசம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பாசத்தை வைத்து வண்டி வாங்கக் கூடாது!)

இனி மீதிப் பாதி. வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது? கால் வைக்கும் இடத்தில்.

சூப்பர் மீட்டியோரில் கால் மிதி முன்னோக்கித் தள்ளி இருக்கிறது. இருக்கை தாழ்வு, தரையிலிருந்து 740 மில்லிமீட்டர். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் கால் நீட்டிக்கொள்ளலாம். கடைக்குள் உட்கார்ந்து பார்க்கும்போது இதைப்போன்ற சுகம் வேறு இல்லை. ஷாட்கன்னில் கால் மிதி நடுவில், ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே. இருக்கை 795 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத்துக்கும் சற்று மேலான உயரம். முழங்கால் மடங்கியிருக்கும், சாதாரண மோட்டாரில் உட்காரும் முறைதான்.

சாலையில் இறங்கிய பிறகு கதை மாறுகிறது. கால் முன்னால் இருக்கும்போது உடல் எடையைத் தாங்க கால்கள் உதவுவதில்லை. முழுப் பாரமும் இடுப்பின் அடி எலும்பில் இறங்குகிறது. எதிரே ஒரு குழி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கால் மிதி உள்ளவர் பாதத்தை ஊன்றி, இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்துகொள்வார். அடி முழங்காலோடு நின்றுவிடும். கால் நீட்டியவரால் அப்படி எழ முடியாது. குழியின் அடி நேரே முதுகுக்குப் போகும். இத்தனைக்கும் பின்பக்க ஷாக் அசையும் தூரம் சூப்பர் மீட்டியோரில் 101 மில்லிமீட்டர். ஷாட்கன்னில் 90 மில்லிமீட்டர்தான். தாளில் பார்த்தால் சூப்பர் மீட்டியோர்தான் சொகுசு என்று தோன்றும். முதுகு வேறு கணக்குச் சொல்லும். ஏற்கெனவே இடுப்பு வலிக்கு மருத்துவரிடம் போய் வருபவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

காற்றும் ஒரு சங்கதி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காலை நீட்டி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தவர் பாய்மரம் மாதிரி. காற்று பின்னால் தள்ள, கைகள் ஹேண்டலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தஞ்சோங் மாலிம் வருவதற்குள் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும். முன்னால் கண்ணாடித் தடுப்பு போட்டால் பெருமளவு குறையும்.

திரும்புவதிலும் குணம் வேறு. சூப்பர் மீட்டியோரின் முன் சக்கரம் 19 அங்குலம், பின் சக்கரம் 16. ஷாட்கன்னுக்கு 18, 17. முன் ஃபோர்க்கும் ஷாட்கன்னில் அவ்வளவு சாய்வாக இல்லை. அதனால் அது சொன்னபடி சட்டென்று திரும்பும். சூப்பர் மீட்டியோர் நேர்ப்பாதையில் அசையாமல் நிற்கும். ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு, அந்தக் குறுகலிலும் சுரங்க வளைவுகளிலும் அகலமான ஹேண்டலோடு போவது எப்படி என்பது நன்றாகவே தெரியும். அங்கே ஷாட்கன் கையடக்கம்.

அப்படியானால் ஷாட்கன்தான் நல்ல வண்டி என்று முடித்துவிடலாமா? முடியாது. இதுவரை ஓட்டுபவரைப் பற்றி மட்டும்தான் பேசினோம். பின்னால் உட்காருகிறவர்?

ஷாட்கன் ஒற்றை ஆள் வண்டியாகவே வரையப்பட்டது. பின் இருக்கையைக் கழற்றி எடுத்துவிட்டுத் தனியாளாகப் போகலாம் என்பதே அதன் பெருமை. மாட்டியிருக்கும்போதும் அது சிறிய இருக்கை. அரைமணி நேரத்துக்குச் சரி. சூப்பர் மீட்டியோரின் பின் இருக்கை அகலம். நெடும்பயணத்துக்கென்று வரும் வகையில் கண்ணாடித் தடுப்பும், பின்னால் உட்காருபவர் முதுகைச் சாய்த்துக்கொள்ளச் சாய்மானமும் உண்டு. மாதம் ஒரு முறை மனைவியோடு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போகும் குடும்பத்தில் இந்தச் சாய்மானம் அலங்காரப் பொருள் அல்ல. அது இல்லாவிட்டால் அவர் இரண்டு மணி நேரம் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

ஆக, சிக்கல் இதுதான். ஓட்டுபவரின் முதுகுக்கு ஒன்று இதம், பின்னால் வருபவரின் முதுகுக்கு மற்றொன்று இதம். "எது நல்லது?" என்று கேட்டால் பதில் வராது. வண்டியில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டால் வரும். ஐந்து நாள் தனியாக வேலைக்கு, எப்போதாவது இரண்டு பேர் என்றால் ஷாட்கன். வண்டியை வாங்குவதே வார இறுதியில் இருவராக ஊர் சுற்றத்தான் என்றால் சூப்பர் மீட்டியோர். பெரும்பாலான வீடுகளில் கடையில் நிற்கும்போது இரண்டாவது கணக்கைச் சொல்லிவிட்டு, பிறகு முதல் கணக்கில்தான் ஓட்டுகிறார்கள். இதை வீட்டிலேயே பேசித் தீர்ப்பது நல்லது.

பெட்ரோல் தொட்டியில் பெரிய விவாதம் வேண்டாம். ஒன்று 15.7 லிட்டர், மற்றது 13.8 லிட்டர். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் வித்தியாசம் ஐம்பது கிலோமீட்டருக்குள். நெடுஞ்சாலையில் எண்ணெய் நிலையங்களுக்கா பஞ்சம்? உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் 740 மில்லிமீட்டர் இருக்கை பெரிய ஆறுதல். 240 கிலோ வண்டியைச் சமிக்ஞை விளக்கில் நிறுத்தும்போது இரு பாதமும் தரையில் பதிய வேண்டும்.

உரிமம் இல்லாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள். மலேசியாவில் பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான். இவை இரண்டுக்கும் முழு பி உரிமம் தேவை. சிங்கப்பூரில் 400 சிசிக்கு மேல் என்பதால் 2-ஆம் வகுப்பு உரிமம். 2பி, 2ஏ என்று படிப்படியாகத்தான் அங்கே வர முடியும். வாகன உரிமைச் சான்றிதழுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் அவர்களுக்குத் தவறான தேர்வு இன்னும் கடிக்கும்.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது போதாது. அரைமணி நேரமாவது, கொஞ்சம் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டக் கேளுங்கள். அதற்கு முன் இன்னொன்று: இரண்டு வண்டிகளிலும் பின்பக்க ஷாக்கின் ஸ்பிரிங்கைப் படிப்படியாக இறுக்கிக்கொள்ளலாம். ஒற்றை ஆளுக்காக வைத்த நிலையில் இருவர் ஏறினால் ஷாக் அடியில் போய் இடிக்கும். நல்ல வண்டியும் மோசமாகத் தெரியும். மெக்கானிக்கிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் சாவியால் திருப்பி வைத்துவிடுவார்.