பசு பால் இறக்கும் விதம்

கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடி சுரந்தபின் அதனை விலக்கிப் பால் கறத்தல் நம் நாட்டார் வழக்கம். கன்று இறந்துபட்டால், அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன் நிறுத்துவாரும் உளர். இதனை அறியாமையென்று நகைப்பவர் பலர். ஆயினும், உடற்கூற்று நூலார் நெடுங்காலங்கழித்துக் கண்ட உண்மையொன்று இவ்வழக்கத்தினுள் அடங்கியிருக்கின்றது.

பால் உண்டாதல் வேறு, இறங்குதல் வேறு. சினைக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்னும் ஹார்மோன்கள் மடியை வளர்க்கின்றன. ஈனுங்காலத்தில் புரோஜெஸ்டரோன் குறைய, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் முற்பகுதியில் தோன்றும் புரோலாக்டின் பால் சுரப்பைத் தொடங்கிவைப்பதில் முதன்மை பெறுகின்றது. பின்னர்ச் சுரப்புக் குன்றாதிருப்பதற்குப் பசுவினிடத்தில் வளர்ச்சி ஹார்மோன் பெரிதும் துணைசெய்கின்றது.

இங்ஙனம் உண்டான பாலின் பெரும்பகுதி மடியிலுள்ள நுண்ணிய பைகளில் தங்கிநிற்கும். கறப்பவர் கைவலிமை ஒன்றினால் அது வெளிப்படாது. கன்று முட்டி ஊட்டுதலோ, காம்பைக் கையால் நீவுதலோ நரம்பின் வழியே மூளைக்கு எட்டியவுடன், பிட்யூட்டரியின் பிற்பகுதி ஆக்ஸிடோஸின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றது. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் அது மடியில் வேலைசெய்யத் தொடங்கி, பைகளைச் சூழ்ந்த அணுக்களைச் சுருங்கச்செய்து பாலைக் காம்பை நோக்கி இறக்குகின்றது. அதன் வன்மை சில நிமிஷங்களே நிற்குமாதலின், மடி சுரந்தபின் காலந்தாழ்த்தாது கறத்தல் வேண்டும்.

1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஈலி, பீட்டர்ஸன் என்னும் இருவர், பசுவின் அருகே காகிதப் பைகளை வெடித்து அச்சுறுத்தியபோது பால் இறங்குதல் தடைப்படுதலைக் கண்டனர். அச்சமுற்ற பசுவின் உடலில் அட்ரினலின் மிகுகின்றது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆக்ஸிடோஸின் மடியைச் சேர்வதற்கும் அங்கே வேலைசெய்வதற்கும் இடையூறு செய்கின்றது. ஆக்ஸிடோஸின் வெளிப்படுதலே நின்றுபோவதும் உண்டு.

எனவே, "பாலை ஒளித்துக்கொண்டது" என்று சினந்து பசுவை அடிப்பவர், தாம் வேண்டும் பாலைத் தாமே தடுத்தவராகின்றனர். பால் இறங்காமை பசுவின் வஞ்சகமன்று, அதன் அச்சமே. அன்றியும், மடியில் நின்ற பால் மேல்வரும் சுரப்பையும் குறைக்குமாதலின், ஒருநாளைய நட்டம் நாள்தோறும் தொடர்தல் கூடும்.

நண்பர்காள், விடுமுறையில் ஊருக்குச் சென்று தொழுவத்தினுள் நுழையும்பொழுது இதனை நினைவிற்கொள்ளுங்கள். பழகிய கையும் அமைதியான இடமும் பசுவுக்குச் செய்யும் தயவு மாத்திரமல்ல; பாற்குடத்தை நிறைக்கும் வழியும் அவையே.