பழைய லாரியின் பின் இருசுக்கு இணைப்புத் தண்டு பொருத்தும் முறை

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் ஆற்றங்கரைகளும் வாய்க்கால் கரைகளுமே பல கிராமங்களுக்குப் பாதைகளாக உள்ளன. சம்பா அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் நெல் ஏற்றிச் செல்லும் வண்டி, கரையின் சரிவில் ஒருபுறம் சாய்ந்தே ஓட நேரிடுகிறது. ஆகையால் பாரம் தாங்கும் பின் இருசின் அமைப்பை வண்டியுடையோர் நன்கு அறிந்திருத்தல் அவசியம். 1954-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த டாட்டா-மெர்ஸிடிஸ் பென்ஸ், எண்ணூரில் தயாரான லேலண்ட் காமெட் போன்ற பழைய லாரிகளைப் புதுப்பிப்போர், பட்டைகளை நீக்கி இணைப்புத் தண்டுகளும் காற்றுப் பைகளும் அமைக்க விரும்பின், கீழ்க்கண்ட விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்.

பட்டையின் இருவகை வேலை

லாரியின் பட்டை பாரத்தைத் தாங்குவதோடு நில்லாமல், இருசு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமலும், சக்கரம் சுழலும் வேகத்தில் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து நிற்கிறது. சுருள் வில்லோ காற்றுப் பையோ பாரத்தை மட்டுமே தாங்கும். இருசைப் பிடிக்கும் வேலை முழுவதும் தண்டுகளைச் சாரும். கழற்றிய பட்டையைக் கொல்லர்கள் அரிவாளாக அடிப்பது யாவரும் அறிந்ததே. அத்தகைய எஃகு செய்த வேலையை மெல்லிய குழாயிடம் ஒப்படைக்கலாகாது.

தண்டுகளின் அமைப்பு

கீழே இரண்டு, மேலே இரண்டு ஆக நான்கு தண்டுகள் சட்டத்தையும் இருசையும் இணைக்கும். மேல் தண்டுகளை முக்கோணமாகச் சாய்த்து வைத்தால் அவையே பக்கவாட்டு அசைவைத் தடுக்கும். நான்கும் நேராக இருப்பின், சட்டத்திலிருந்து இருசின் மறுபக்கத்திற்குக் குறுக்குத் தண்டு ஒன்று அவசியம். அது இயன்றவரை நீண்டும், ஓடும் உயரத்தில் மட்டமாகவும் இருத்தல் நலம்.

பொருத்தும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியையோ காற்றுப் பையையோ மட்டும் நம்பி அடியில் புகலாகாது.

2. பட்டைகளைக் கழற்றுமுன், சட்டத்தின் ஒரு குறியிலிருந்து இருசின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்க. வேலை முடிந்தபின் இரு பக்கமும் சமமாக இராவிடில் வண்டி நேராக ஓடாது.

3. கியர்ப் பெட்டியின் தண்டும் இருசின் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். தவறினால் சுழல் தண்டு அதிர்ந்து, அதன் மூட்டுகள் விரைவில் தேயும்.

4. தாங்கு தகடுகளை முதலில் புள்ளிப் பற்றாக மட்டும் வைத்து, இருசை முழுதும் ஏற்றியும் இறக்கியும் பார்க்க. பிரேக் குழாயும் சுழல் தண்டும் எதிலும் உராயாதிருந்தால் மட்டுமே முழுப் பற்று வைக்கலாம்.

5. இருசுக் கூட்டில் ஒரேயடியாகப் பற்று வைத்தால் சூட்டினால் அது வளையும். ஆதலின் சிறிது சிறிதாக, ஆற விட்டுச் செய்க.

6. ஷாக் அப்ஸார்பர்களையும், இருசு மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்க் கட்டைகளையும் விட்டுவிடலாகாது.

நெல் ஏற்றும் வண்டிக்கு ஏற்குமா?

40 கிலோ சிப்பம் நூறு ஏற்றினால் 4 டன் ஆகிறது. வெறும் வண்டிக்கும் பார வண்டிக்கும் உயரம் வெகுவாக மாறுவதால், தண்டுகளின் கோணமும் மாறும். சொகுசுப் பேருந்துகளில் காற்றுப் பையின் காற்றைத் தானே கூட்டிக் குறைத்து உயரத்தைக் காக்கும் வால்வு உண்டு. அஃதில்லாத மாற்றம் கரைப் பாதையில் வண்டி கவிழவும் காரணமாகலாம். எனவே பாரம் ஏற்றும் லாரிக்குப் பட்டையே உத்தமம். தேய்ந்த புஷ், பின், உடைந்த பட்டை ஆகியவற்றை மாற்றுவதே போதுமானது.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அவ்வாண்டின் திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே பற்று வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து எழுத்து மூலம் அனுமதி பெறுக. கிராம அதிகாரிகளும் இதனை வண்டியுடையோருக்கு எடுத்துரைப்பார்களாக.